தூங்குகிற கோலாவைப் பார்க்க ஒரு மணி நேரம் கார் ஓட்டலாமா? ஹீல்ஸ்வில் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெல்பர்னுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து இறங்கினால், இரண்டாவது வாரத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "கங்காரு எங்கேப்பா இருக்கு?" அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் நான் ஹீல்ஸ்வில் சரணாலயத்துக்கு இதுவரை ஆறேழு தடவை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவை நன்றாகச் சொதப்பினேன். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, வரைபடத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று வெயிலில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓடி, சாயங்காலம் கணக்குப் பார்த்தால் நாங்கள் பார்த்தது முழுக்க விலங்குகளின் முதுகு. "வண்டலூரிலாவது புலி எழுந்து நாலு அடி நடக்கும்" என்று காரில் ஏறும்போது மாமனார் சொன்னது இன்னும் வீட்டில் ஓடுகிறது.

தப்பு விலங்குகள் மேல் இல்லை. இந்த நாட்டு விலங்குகளில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை, இல்லாவிட்டால் விடிகாலையும் அந்தியும் அவற்றின் நேரம். கோலா ஒரு நாளில் பதினெட்டு முதல் இருபது மணி நேரம் வரை தூங்கும். அது தின்னுகிற யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, செரிக்கவும் நேரமாகும், அதனால் அசைந்து சக்தியை வீணாக்காமல் கிளையிடுக்கில் உட்கார்ந்துவிடும். அதனால் என்ன செய்ய வேண்டுமென்றால், ஐந்தாறு விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவை விழித்திருக்கிற நேரத்துக்குப் போய், ஒவ்வொன்றின் முன்னாலும் பொறுமையாக நிற்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதலில், இடம் சரிதானா என்று பாருங்கள்

ஹீல்ஸ்வில் சரணாலயம் மெல்பர்ன் நகரத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி, யாரா பள்ளத்தாக்கில், பேட்ஜர் க்ரீக் ஓடையை ஒட்டி இருக்கிறது. இங்கே ஆஸ்திரேலிய விலங்குகள்தான். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எதிர்பார்த்து வந்த குழந்தை அழும், அதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால், இந்தச் சரணாலயத்தை நடத்துகிற அதே அரசு அமைப்பின் வெரிபீ பூங்காவுக்குப் போகலாம்.

அப்புறம் இன்னொரு ஆசையையும் வீட்டிலேயே தீர்த்துவிட வேண்டும்: கோலாவைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுப்பது. விக்டோரியா மாநிலத்தில் பார்வையாளர்கள் கோலாவைத் தூக்குவதற்கு அனுமதி கிடையாது. "எங்க சித்தி பொண்ணு பிரிஸ்பேனில் தூக்கிட்டு நின்னாளே" என்பார்கள். குயின்ஸ்லாந்தில் சட்டம் வேறு, உண்மைதான், ஆனால் அங்கேயும் 1927-இல் தொடங்கிய பிரிஸ்பேன் லோன் பைன் கோலா சரணாலயமே 2024-இல் அதை நிறுத்திவிட்டது. கங்காருவுக்குக் கையால் தீனி கொடுக்க வேண்டும் என்று குழந்தைகள் ஒற்றைக் காலில் நின்றால் பல்லாரட் வனவிலங்குப் பூங்காவோ, பியர்ஸ்டேல் பக்கம் இருக்கிற மூன்லிட் சரணாலயமோ பொருத்தம். அங்கே விற்கிற தீனியை மட்டும் வாங்கி, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து நீட்ட வேண்டும், விரலால் பிடித்துக் கொடுத்தால் விரலும் சேர்ந்து போகும். ரொட்டி, பிஸ்கட், முறுக்கு எதுவும் கூடாது, கங்காருவுக்கு உடம்புக்கு ஆகாது.

ஹீல்ஸ்வில்லுக்கென்றே ஒரு பெருமை உண்டு. உலகத்தில் முதன்முதலாக மனிதப் பராமரிப்பில், வாத்து அலகுள்ள நீர்ப் பிராணியான பிளாட்டிபஸ் குஞ்சு பொரித்து வளர்ந்தது இங்கேதான், 1943-இல், டேவிட் ஃப்ளே என்ற இயற்கையாளரின் முயற்சியில். அதற்கு அடுத்த தடவைக்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் இதே இடத்தில். அவ்வளவு சிணுங்கல் பிடித்த பிராணி.

எந்த நாள், எத்தனை மணிக்கு

சனி ஞாயிறு, பொது விடுமுறை, விக்டோரியா பள்ளி விடுமுறை நாட்களில் 16 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம், கூட்டம் நெரியும். பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் பள்ளி நடக்கிற வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ போங்கள், பிளாட்டிபஸ் தொட்டிக்கு முன்னால் நீங்கள் மட்டும் நிற்பீர்கள். டிக்கெட்டை முன்னாலேயே இணையத்தில் எடுத்துவிடுங்கள், விலையும் அன்றைய நிகழ்ச்சி நேரங்களும் அங்கேயே இருக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று விருந்தாளிகளை இப்படிக் கூட்டிப் போகிற ஆள் என்றால் உங்களுக்கு மட்டும் ஓர் ஆண்டு உறுப்பினர் அட்டை எடுத்துக்கொள்வது லாபம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். ஒன்பதுக்கு வாசலில் இருங்கள். இதை மட்டும் கேட்டுக்கொண்டு மீதியை மறந்தாலும் பரவாயில்லை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை உள்ளே இருக்கிற உயிரோட்டம் மதியம் இருக்காது.

கோடையில் 35 டிகிரி தாண்டும் என்று வானிலை சொன்னால் அன்றைக்குப் போகாதீர்கள். விலங்கு எல்லாம் நிழலில் படுத்துக்கொள்ளும், நீங்கள்தான் வெயிலில் நிற்பீர்கள். தீ அபாயம் உச்சக்கட்டம் என்று அறிவித்த நாளில் சரணாலயத்தையே மூடிவிடுவார்கள், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சுற்றிலும் யூகலிப்டஸ் காடு, 2009 பிப்ரவரி காட்டுத்தீயின்போது இங்கிருந்த அருகிவரும் விலங்குகளை மெல்பர்ன் உயிரியல் பூங்காவுக்கு ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. குளிர்காலத்தைப் பற்றி ஊரிலிருந்து வந்தவர்கள் பயப்படுவார்கள், ஆனால் விலங்கு பார்க்க அதுதான் நல்ல காலம். வெயில் இல்லாத நாளில் கங்காருவும், வளை தோண்டி வாழ்கிற குண்டு விலங்கான வொம்பட்டும் பகலிலேயே நடமாடும். மழைக்கோட்டு மட்டும் கட்டாயம், மெல்பர்னை விட இங்கே இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே உணர்வீர்கள்.

போகிற வழி

கார் இருந்தால் நகரத்திலிருந்து ஒரு மணி நேரம், கூடக் கொஞ்சம். மரூண்டா நெடுஞ்சாலையில் ஹீல்ஸ்வில் ஊர் வரைக்கும் போய், அங்கிருந்து பலகை பார்த்துத் திரும்பினால் சில நிமிடம். கார் நிறுத்தக் காசில்லை. கார் இல்லையென்றால் லில்லிடேல் வரை ரயில், அங்கிருந்து 685 பேருந்து, இரண்டுக்கும் மைக்கி என்ற பயண அட்டையே போதும். ஆனால் எல்லாப் பேருந்தும் சரணாலய வாசல் வரை போகாது, ஊருக்குள்ளேயே நின்றுவிடுகிறவையும் உண்டு, ஆகவே போகும் பேருந்தை விடத் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"போகிற வழியில் பேசின் விநாயகர் கோயிலையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நல்ல கோயில், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் கோயில் முடித்து இங்கே வரும்போது பதினொன்றரை. அப்புறம் முதுகுதான்.

பையில் என்ன

தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர். நம் தோலுக்கு எதற்கு சன்ஸ்கிரீன் என்று பெரியவர்கள் சிரிப்பார்கள், இந்த நாட்டு வெயில் எங்கள் அம்மாவின் கழுத்தையே உரித்தது. மூடிய செருப்பு அல்லது ஷூ. சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம், உட்கார்ந்து சாப்பிட மேசைகள் இருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்களோடு போனால் உணவகத்தை நம்பாமல் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொள்வது நிம்மதி.

அப்புறம் சில்லறை. செலவு செய்ய இல்லை, குழந்தைகளுக்கு. 1966-இல் டாலருக்கு மாறியபோது ஸ்டூவர்ட் டெவ்லின் வடிவமைத்த காசுகளில் இந்த விலங்குகள்தான் இருக்கின்றன: ஐந்து சென்ட்டில் உடம்பெல்லாம் முள்ளுள்ள எக்கிட்னா, பத்தில் லைர்பேர்ட் என்ற பறவை, இருபதில் பிளாட்டிபஸ், ஐம்பதில் நாட்டின் சின்னத்தைத் தாங்கி நிற்கிற கங்காருவும் ஈமுவும். பின்னால் வந்த ஒரு டாலர் காசில் ஐந்து கங்காரு. கையில் ஒவ்வொன்றைக் கொடுத்து "இதெல்லாம் கண்டுபிடிச்சா ஐஸ்கிரீம்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சில காசுகளில் நினைவு வெளியீட்டுப் படம் இருக்கும், வீட்டிலேயே பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

வாசலில் அன்றைய நேர அட்டவணையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பறவைக் காட்சி எத்தனை மணிக்கு, பராமரிப்பாளர் எந்த விலங்கைப் பற்றி எப்போது பேசுகிறார், இவ்வளவு போதும். பாதை பெரும்பாலும் சமதளம், தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் சிரமமில்லாமல் போகும், முட்டி வலிக்காரர்கள் உட்கார பெஞ்சுகள் உண்டு. வண்டலூரில் நடந்து பழகியவர்களுக்கு இது சின்ன இடம்.

பத்து மணிக்குள் கங்காரு, கோலா இரண்டையும் முடித்துவிடுங்கள். கங்காரு காலையில் குனிந்து புல் மேயும், வெயில் ஏறினால் நிழலில் ஒருக்களித்துப் படுத்துத் தலைக்குக் கை கொடுத்துக்கொண்டு வயிற்றைச் சொறியும், கல்யாண வீட்டில் பந்தி முடித்த பெரியப்பா மாதிரியே இருக்கும். வெயில் நாளில் முன்கையை நக்கிக்கொண்டே இருந்தால் அது காயம் இல்லை, அங்கே தோலுக்கு நெருக்கமாக இரத்த நாளங்கள் இருப்பதால் எச்சில் காயும்போது உடம்புச் சூடு தணிகிறது. எங்கள் அம்மா ஒரு கங்காருவைக் காட்டி "அதோட வயித்துல குச்சி குத்தியிருக்கு பாரு" என்று பதறினார். பைக்குள் தலைகீழாகப் புரண்டு கிடந்த குட்டியின் பின்னங்கால் அது. பிறக்கும்போது மொச்சைக்கொட்டை அளவே இருக்கிற குட்டி தானாகவே ஊர்ந்து பைக்குள் போய்ச் சேருகிறது என்று சொன்னதும் அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை, அரை மணி நேரம் அங்கேயே போனது. நல்ல அரை மணி நேரம்.

கோலா தூங்கிக்கொண்டுதான் இருக்கும், ஏமாற வேண்டாம், ஒரு இடத்தில் நின்று கையைப் பாருங்கள். முன்னங்கையில் இரண்டு விரல் ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கம், கிடுக்கி மாதிரி கிளையைப் பற்றியிருக்கும். விரல் நுனியில் நம்மைப் போலவே ரேகை உண்டு. வசந்தத்திலும் கோடையிலும் போனால் ஆண் கோலா கத்துவது கேட்கலாம். இவ்வளவு சாது முகத்திலிருந்து பன்றி உறுமுவது போல ஒரு சத்தம் வரும், எங்கள் மாமனார் காட்டுப்பன்றி என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

பிளாட்டிபஸ்: இருட்டில் பத்து நிமிடம்

வந்தவர்களில் பாதிப் பேர் தவறவிடுவது இதைத்தான், தொட்டிக்கு முன்னால் இருபது விநாடி நின்றுவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று போய்விடுவார்கள். பிளாட்டிபஸ் இருக்கிற இடம் இருட்டு. முதலில் போன் திரையை அணைத்துப் பைக்குள் போடுங்கள், கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஃபிளாஷ் கூடவே கூடாது. கண்ணாடியைத் தட்டாதீர்கள், குழந்தையையும் தட்ட விடாதீர்கள்.

அளவைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படத்தில் பார்த்துவிட்டு நீர்நாய் அளவுக்கு எதிர்பார்ப்பார்கள். மூக்கிலிருந்து வால் வரை நாற்பது ஐம்பது சென்டிமீட்டர், அவ்வளவுதான். தேடவேண்டியது உடம்பை இல்லை, வெள்ளி நிறக் குமிழிகளை. அது தரையைக் கிளறும்போது ரோமத்திலிருந்து காற்றுக்குமிழி வரிசையாக மேலே வரும். தண்ணீருக்குள் போனதும் கண், காது, மூக்குத் துளை எல்லாம் மூடிவிடும். இரையின் தசை அசையும்போது வருகிற மெல்லிய மின் அதிர்வை அலகால் உணர்ந்துதான் பிடிக்கிறது. பிடித்ததைக் கன்னப்பைக்குள் அடக்கிக்கொண்டு மேலே வந்து, மிதந்தபடி மென்று, மறுபடி முங்கும். வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் கிடையாது, தாடையில் இருக்கிற தடித்த பட்டையால் அரைக்கிறது. ஆகவே ஒரு தடவை மேலே வந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மறுபடி வரும். முட்டையிட்டுப் பால் கொடுக்கிற பிராணி, ஆணுக்குப் பின்னங்காலில் விஷ முள் வேறு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதன் தோல் இங்கிலாந்துக்குப் போனபோது, வாத்தின் அலகை யாரோ தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று அறிஞர்களுக்கே சந்தேகம் வந்தது. தப்பே இல்லை.

பறவைக் காட்சி

இதற்குக் கால்மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். ஆப்புவால் கழுகு இரண்டு மீட்டருக்கும் அதிகமான சிறகை விரித்துத் தலைக்கு மேல் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். முதல் தடவை என் அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். எழுந்து நிற்கக் கூடாது, கையைத் தூக்கிப் படம் எடுக்கக் கூடாது, திறந்த தின்பண்டம் எதுவும் மடியில் இருக்கக் கூடாது. மழை, பலத்த காற்று என்றால் ரத்து செய்துவிடுவார்கள், அன்றைக்குச் சண்டை போட்டுப் பயனில்லை.

லைர்பேர்ட் குளிர்காலத்தில்தான் நிறையப் பாடும். யாழ் போல வளைந்த வால் என்பதால் அந்தப் பெயர், தமிழிலும் யாழ்ப்பறவை என்கிறார்கள். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். பல பறவை ஒரே புதரிலிருந்து அடுத்தடுத்துக் கூப்பிடுவது போல இருந்தால் நின்றுவிடுங்கள், உள்ளே ஒரே ஆள்தான்.

ஆரஞ்சு வயிற்றுக் கிளியை எல்லாரும் ஒரு சின்னப் பச்சைக்கிளி என்று கடந்துபோவார்கள். 2016-இல் கூடு கட்ட டாஸ்மேனியாவின் மெலலூகாவுக்குத் திரும்பி வந்த காட்டுக் கிளிகள் மொத்தம் 17. இங்கே வளர்த்து விடுவதெல்லாம் சேர்ந்துதான் இந்த இனம் தாக்குப்பிடிக்கிறது. டாஸ்மேனியன் டெவில் என்ற சின்ன மாமிச உண்ணிக்கும் இதே கதை: 1996-இல் முதலில் கண்டறியப்பட்ட, கடித்துக்கொள்ளும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற முகப் புற்றுநோய் காட்டில் இருந்தவற்றில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது, நோயில்லாத டெவில்களை இங்கே காப்பாக வளர்க்கிறார்கள். டெவிலுக்கு இரை வைக்கிற நேரம் தெரிந்தால் போங்கள், அந்தக் கத்தலுக்குத்தான் அந்தப் பெயர் வந்தது.

இந்த நாட்டுக் காட்டு நாயான டிங்கோவைப் பார்த்ததும் "நம்ம தெரு நாய்தானே" என்று யாராவது சொல்லாமல் போனதில்லை.

சாப்பிடும்போது கவனம்

குக்கபரா மீன்கொத்திக் குடும்பம். கூண்டில் இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்து மேசையில் உட்காருவீர்கள், மேலே கிளையில் காட்டுக் குக்கபரா ஒன்று சத்தமில்லாமல் உங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மச்சான் கோழிப் பொரியலை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனார். பின்னாலிருந்து ஏதோ உரசியது போல இருந்தது என்றார். கையில் எலும்புகூட மிச்சமில்லை. அது கிளையில் உட்கார்ந்து அந்தத் துண்டை, பாம்பைக் கொல்வது போல, மரத்தில் நாலு தட்டுத் தட்டி விழுங்கியது. கீழே அரிவாள்மூக்கன்கள் சிந்தியதைப் பொறுக்கக் காத்திருக்கும். டப்பாவை மூடி வைத்து, முதுகைச் சுவர்ப்பக்கம் கொடுத்து உட்காருங்கள். இரக்கப்பட்டு ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள்.

மதியம் விலங்கெல்லாம் தூங்குகிற நேரத்தில் விலங்கு மருத்துவமனைக்குப் போகலாம். வண்டியில் அடிபட்ட காட்டு விலங்குகளுக்கும் இங்கே சிகிச்சை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மருத்துவர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். இரவு விலங்குகள் கூடமும் மதியத்துக்கு ஏற்றது, அங்கே விளக்கை மாற்றி வைத்திருப்பதால் அவற்றுக்கு அது ராத்திரி.

நடக்கும்போது இந்த மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது வுருண்ட்ஜெரி மக்களின் நிலம். 1863-இல் இங்கே கொரண்டர்க் என்ற பழங்குடியினர் குடியிருப்பு தொடங்கியது. அதை மூடக் கூடாது என்று அவர்களின் தலைவர் வில்லியம் பராக் மெல்பர்னுக்கே நடந்துபோய் அரசிடம் முறையிட்டார். 1924-இல் மூடித்தான் விட்டார்கள். அந்த நிலத்தில் ஒரு பகுதியைத்தான் உடற்கூறு ஆய்வுக்காகக் காலின் மெக்கென்சி என்ற மருத்துவர் குத்தகைக்கு எடுத்து விலங்கு வளர்த்தார், 1934-இல் அது பொதுமக்களுக்குச் சரணாலயமாகத் திறந்தது. அழகாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தோம் என்று எனக்குத் தோன்றும்.

திரும்பும்போது

குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு மூடும்போதே இருட்டத் தொடங்கிவிடும். உள்ளே படுத்துக் கிடந்ததெல்லாம் வெளியே எழுந்து நடமாடுகிற நேரம் அது. மஞ்சள் பலகையில் கங்காரு, வொம்பட் படம் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள், ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் மரத்தில் போய் மோதுவீர்கள், பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். அடிபட்ட விலங்கைப் பார்த்தால் பத்திரமான இடத்தில் நிறுத்தி, வைல்ட்லைஃப் விக்டோரியா உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், கிளம்புவதற்கு முன்பே அந்த எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். தாய் இறந்து கிடந்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். அதை நீங்களாகக் காம்பிலிருந்து பிடுங்காதீர்கள், இருக்கிற இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பக்கத்தில் இருக்கிற கிலோமீட்டர் பலகையையோ சந்திப்பின் பெயரையோ குறித்துக்கொண்டால் ஆள் வந்து சேருவது சுலபம்.